கர்ப்பத்தில் பிரஷர்: உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?

வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல் அடுத்த வாரமே கையை இறுக்க ஆரம்பித்தது. "நீர் கோத்திருக்கு, பார்லி கஞ்சி குடி" என்றார் அம்மா, குடித்தேன். தலைவலியும் இருந்தது, சரியாகத் தூங்காததால் என்று விட்டுவிட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸக்கா பிரஷர் பார்த்தார், முகம் மாறியது, ஒன்றும் சொல்லாமல் கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். 150/100. யூரினில் நனைத்த மஞ்சள் பட்டை பச்சையானது, புரோட்டீன் போகிறதாம். அன்றே பெரியாஸ்பத்திரி. லேபெடலால் என்ற பிரஷர் மாத்திரையோடு ஓட்டி, 37 வாரம் முடிந்ததும் வலி வரவைத்துப் பிரசவம். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 தொட்டாலே கவனிக்க வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியவே தெரியாது, உடம்பும் சொல்லவில்லை.

—

எனக்கும் முதல் பிரசவத்தில் இதேதான். இப்படி பிரஷரோடு புரோட்டீனும் போகிற ப்ரீஎக்ளாம்ப்சியா மட்டுமே நூறு கர்ப்பத்தில் 2 முதல் 8 வரை வருகிறதாம், அப்படியென்றால் எங்கள் தெருவிலேயே யாருக்காவது வந்திருக்கும், ஆனால் சீமந்தப் புடவை பற்றிப் பேசுகிற அளவுக்குக்கூட இதை யாரும் பேசியதில்லை. இரண்டாவதுக்கு 12 வாரத்திலிருந்தே டாக்டரம்மா ராத்திரிக்குச் சின்ன டோஸ் ஆஸ்பிரின் எழுதினார். "ரத்தத்தை இளக்குற மாத்திரையாச்சே, பிள்ளைக்கு ஆகுமா?" என்று அத்தை தினமும் கேட்டார். போட்டேன், இந்த முறை பிரஷர் ஏறவில்லை.

—

நான் கணவன். குழந்தை பிறந்துவிட்டால் பிரஷர் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தோம், டிஸ்சார்ஜ் செய்தவர்களும் எதுவும் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஐந்தாம் நாள் "கண்ணுல பூச்சி பறக்குதுங்க" என்றாள், விலாவுக்குக் கீழே வலி வேறு. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் வலிப்பு. 108 வந்து கொண்டுபோய், வலிப்பை நிறுத்துகிற மெக்னீசியம் சல்பேட் மருந்து ஏற்றித்தான் பிழைத்தாள். பாட்டி இதைத்தான் பிரசவ ஜன்னி என்பாராம். பிரசவமாகி ஆறு வாரம் வரைகூட வரலாம் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன்.

மேலே வளையல் கதையைப் படித்ததும் மச்சினிச்சிக்கு போன் போட்டேன், அவளுக்கு எட்டாம் மாதம். மோதிரத்தைக் கழற்றி வைத்திருக்கிறாளாம். "வீக்கம்தானே மாமா" என்கிறாள். வண்டியை எடுத்துவிட்டேன், பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.