பந்தய மாட்டு ஜோடியைப் பார்த்ததிலிருந்து கூட்டுத் தொழில் பற்றி ஒரு யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

கண்டனூர் பலகாரம்

எல்லாருக்கும் வணக்கம். கண்டனூரில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். ஆறு வருடம் ஆகிறது. தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம். என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். எங்கள் கையால் ஒரு நாளைக்கு நாற்பது கிலோவுக்கு மேல் தாண்டாது.

மூன்று மாதமாகத் தேவகோட்டைக்காரர் ஒருவர் கூட்டுச் சேரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பணம் போடுகிறேன் என்கிறார், வேன் இருக்கிறது, சென்னையில் கடைகளைத் தெரியும். நல்ல மனிதர். சுறுசுறுப்பானவர். தீபாவளிக்கு ஒரு நாளைக்கு இருநூறு கிலோ போடலாம் என்று கணக்கெழுதியே காட்டினார். வீட்டில் எல்லாரும் சரி என்று சொல்லச் சொல்கிறார்கள். நானும் ஏறக்குறைய சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவிழாவுக்கு எங்கள் பக்கம் இரட்டை மாட்டுவண்டிப் பந்தயம் விட்டார்கள். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தது, அதற்குப் பிறகு இப்போதுதான் போனேன். அண்ணன் கூட்டிக்கொண்டு போனான். பெரிய மாடு போக வர எட்டு மைல், சின்ன மாடு ஆறு மைல். நாங்கள் நின்ற இடம் எல்லை. அதாவது வண்டிகள் வந்து திரும்புகிற இடம்.

பெரிய மாட்டில் ஒரு ஜோடியைப் பற்றித்தான் காலையிலிருந்து எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாடும் இரண்டு ஊர்க்காரருடையது. இரண்டும் தனித்தனியாக வேறு ஜோடிகளில் பரிசு வாங்கியவை. இந்த முறை சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். எல்லைக்கு அந்த வண்டிதான் முதலில் வந்தது. ஆனால் வரும்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வண்டி நேராக வரவில்லை, ஒருச்சாய்வாக வந்தது. வலத்து மாட்டின் கயிற்றை சாரதி உடம்பு பின்னால் சாய இழுத்துப் பிடித்திருந்தார். இடத்து மாடு வாயில் நுரையோடு எட்டி எட்டிப் போட்டது. நல்ல மாட்டை ஓடவிடாமல் பிடிப்பதிலேயே அந்த மனிதரின் பலம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. திரும்பும்போது நான்கு வண்டிகள் தாண்டிவிட்டன. கடைசியில் கொடி வாங்கியது யாரும் பெரிதாகப் பேசாத ஒரு ஜோடி. நாலு முன்னங்காலும் சேர்ந்து விழுந்தது. பார்க்கவே அவ்வளவு அழகு.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதிரச மாவு பாகு ஊற்றிக் கிளறி இரண்டு நாளாவது இருந்தால்தான் எனக்குத் திருப்தி. எண்ணெயை நான் மறுநாளைக்கு வைப்பதில்லை. என் நடை அதுதான். அவர் நடை வேறு. இரண்டுமே நல்ல மாடு என்றுதான் நினைக்கிறேன்.

மாடு வைத்திருப்பவர்கள், கூட்டுத் தொழில் செய்தவர்கள் சொல்லுங்கள். நடை ஒத்துவருமா என்று பூட்டுவதற்கு முன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லல் பந்தய மாடு

தங்கச்சி, நீங்கள் நின்ற இடம்தான் பந்தயம் பார்க்க வேண்டிய இடம். புறப்படுகிற இடத்தில் எல்லா ஜோடியும் நன்றாகத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் மூன்று மாடு நிற்கிறது. நானும் இன்னொருவர் மாட்டோடு சேர்த்துத்தான் பூட்டுகிறேன். இந்தப் பக்கம் அது வழக்கம், ஒருவரே இரண்டு நல்ல மாடு வாங்கிக் கட்டிப்போடுவது லேசான செலவில்லை. அப்படிச் சேர்க்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது வேகத்தை இல்லை, பக்கத்தை. இடத்தில் பழகிய மாடு வலத்தில் நிற்காது, நுகத்தடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டும் வலத்து மாடாக இருந்தால் எவ்வளவு பெரிய மாடாக இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வோம். உங்கள் விஷயத்தில் அந்தக் குறை இல்லை. நீங்கள் அடுப்படி, அவர் விற்பனை. பக்கம் சரியாக இருக்கிறது.

அடுத்தது, திருப்பம். எல்லையில் வண்டி திரும்பும்போது உள்பக்கத்து மாடு ஏறக்குறைய நின்ற இடத்தில் சுற்ற வேண்டும், வெளிப்பக்கத்து மாடு பெரிய வட்டமாக ஓடி வரவேண்டும். அந்த நேரத்தில் ஒன்று அடங்கி நிற்கத் தெரிய வேண்டும். நேர்ரோட்டில் ஒத்துப்போகிற ஜோடி அங்கேதான் பிரியும். ஒரு தீபாவளிக்கு எண்ணெய் விலை ஏறிவிட்டது, அல்லது உங்கள் பெண்கள் இரண்டு பேர் வரவில்லை என்று வையுங்கள். அப்போது யார் அடங்கி நிற்பது? அதைக் கேட்டுப் பாருங்கள்.

கண்டுபிடிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும்போது சும்மா பூட்டி நடக்கவிடுவோம். ஓட்டம் கிடையாது, நடை. பத்துப் பதினைந்து நாள் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, ஒரே கண்மாயில் நீச்சல் விடுவோம். மெதுவான மாடு வேகமான மாட்டோடு சேர்ந்தால் வேகமாகிவிடும் என்று நினைத்துப் பூட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு மைல் ஆகும். அப்புறம் அந்த மாடு அந்த வருடம் முழுக்க எழுந்திருக்காது. நடக்கவிட்டுப் பார்க்காமல் தீபாவளிக்குப் பூட்டாதீர்கள்.

சேப்பாக்கம் போனவன்

நான் பள்ளத்தூர், இப்போது சென்னையில் துணி வியாபாரம். என் மைத்துனரோடு கூட்டு. மாடு பற்றி எனக்குத் தெரியாது, கிரிக்கெட்டில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சேப்பாக்கம் மைதானத்துக்கு நம் செட்டிநாட்டு அரச குடும்பத்து எம்.ஏ.சிதம்பரம் பெயர்தான், அந்தப் பெருமையோடுதான் முதல்முறை போனேன். டிவியில் பார்க்கும்போது பந்து எங்கே போகிறதோ கேமராவும் அங்கே போய்விடும். நேரில் உட்கார்ந்தால் எதிர்முனையில் நிற்கிற ஆட்டக்காரரைப் பார்க்கலாம். அன்று நான் பாதி நேரம் அவரைத்தான் பார்த்தேன். பந்து வீசுகிறவரோடு சேர்ந்து ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு அடி முன்னே வருகிறார், திரும்புகிறார். ஒரு ஓவரில் ஆறு முறை. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஓட்டத்துக்கு யார் குரல் கொடுப்பது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பந்து முன்பக்கம் போனால் அடித்தவர் சொல்ல வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் போனால் எதிர்முனைக்காரர் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருக்குத்தான் தெரியும். கூட்டம் போடுகிற சத்தத்தில் குரல் கேட்காது, ஆகவே கண்ணும் கையும்தான். ஒரே ஒரு முறை இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு முடிவெடுத்தார்கள், ஒருவர் ரன் அவுட்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு நானும் மைத்துனரும் உட்கார்ந்து, எது என் குரல், எது அவர் குரல் என்று பிரித்துக்கொண்டோம். கொள்முதல் அவர், கடன் கொடுப்பது நான். நான்கு வருடமாகச் சண்டை குறைந்திருக்கிறது. நீங்களும் எத்தனை கிலோ என்பது யார் குரல் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள் அக்கா.

பேரேடு

ஆத்தா, எனக்கு எழுபத்தொன்று வயது. கணக்குப் பார்த்தே பிழைத்தவன்.

எங்கள் ஐயா பர்மாவில் மோல்மேன் ஊர் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகத் தொடங்கி, கடையை நடத்துகிற ஏஜெண்டாக வந்தவர். அந்தக் காலத்தில் பர்மாக் கடைக்கு ஆள் அனுப்பினால் மூன்று வருடக் கணக்கு. அது முடிந்ததும் ஐந்தொகை என்கிற முடிவுக் கணக்குப் போட்டு, சம்பளம் போக லாபத்தில் ஒரு பங்கும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். மறுபடி அனுப்புவதா என்று முதலாளியும் யோசிப்பார், போவதா என்று இவரும் யோசிப்பார். முகம் கோணாமல் பிரிவதற்கு ஒரு தேதி இருந்தது. உங்கள் கூட்டுக்கும் ஒரு முடிவுத் தேதி எழுதுங்கள், ஒரு வருடமாகவே இருக்கட்டும்.

சட்டம் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1932ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் லாப நட்டம் சரிபாதி. யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பது அதில் வராது. அதைவிட முக்கியமானது, கூட்டு நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுப் பொறுப்பு. அவர் வேனுக்காக நிறுவனத்தின் பேரில் வாங்கிய கடனை உங்கள் ஒருவரிடமே முழுதாகக் கேட்கலாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதியாத நிறுவனம் சென்னைக் கடைக்காரர் தராத பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. வீடு உங்கள் பேரில் இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கண்டனூர் பலகாரம்

அண்ணே, தம்பி, ஐயா, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. வீடு என் பேரில்தான் இருக்கிறது. சரிபாதிப் பொறுப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவருக்குப் போன் பண்ணினேன். தீபாவளியைப் பேசவில்லை. ஆவணி மாதம் முழுக்க ஒரு நாளைக்கு நாற்பது கிலோ, கூட்டெல்லாம் எழுதாமல், நான் கொடுக்கிறேன், நீங்கள் விற்றுப் பாருங்கள் என்றேன். எத்தனை கிலோ என்பது என் குரல், எந்தக் கடை, என்ன விலை என்பது உங்கள் குரல் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அதிரச மாவுக்கு ஏன் இரண்டு நாள்?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் இதை அவர் கேட்டது இதுதான் முதல்முறை. போனில் சொன்னால் புரியாது, வந்து பாருங்கள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு வருகிறார். அன்றைக்குப் பாகு காய்ச்சுகிறோம். கல்லல் அண்ணே, அடுத்த பந்தயம் எங்கே என்று தெரிந்தால் இங்கே போடுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு வந்து எல்லையில் நிற்க வேண்டும்.