நீர்நாயை எங்கே பார்க்கலாம்?

வணக்கம். கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறேன். யாளித் தலையும் நீர்நாய் உடம்புமாக ஒரு கற்பனை விலங்கு வரைகிறேன். தலைக்குத் தாராசுரம் கோயில் படிக்கட்டு யாளியே போதும். 12ஆம் நூற்றாண்டுச் சிற்பி அங்கே இன்னொரு சிற்பத்தில் ஒரே தலையை யானைக்கும் காளைக்கும் பொதுவாக வைத்திருக்கிறார். ஒட்டுப்போட்ட இடமே தெரியாது. என்னுடையதில் கழுத்துக்குக் கீழே எல்லாம் சொதப்பல். பின்னங்காலைப் பார்த்துவிட்டு அம்மா, "கீரிப்பிள்ளையா?" என்றார்.

வீடியோ பார்த்து வரைந்தால் உடம்பின் கனம் பிடிபடவில்லை. கொள்ளிடத்திலோ முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கமோ நீர்நாயை நேரில் பார்த்தவர்கள் இடமும் நேரமும் சொல்லுங்களேன்.

அப்புறம், பின்னணிக்குச் சம்பா நடவு வயல். வாட்டர்கலரில் இளநாற்றுப் பச்சைக்கு என்ன கலக்கிறீர்கள்? சாப் கிரீனில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) சேர்த்தேன், அறுவடை வயலாகிவிட்டது.