பண்பு வேறுபாடா, குணப்பன்மையா?

வணக்கம். ஒரே பயிரின் விதைகளுக்குள் பலவகைக் குணங்கள் கலந்திருப்பதைச் சொல்லும் ‘ட்ரெய்ட் டைவர்சிட்டி’க்குத் தமிழில் ‘பண்பு வேறுபாடு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள் ஐயா. பாடநூலில் பழகிய சொல்தான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. வேறுபாடு என்றால் இதற்கும் அதற்கும் இடையே உள்ளது. நாம் சொல்ல வருவதோ ஒரு கைப்பிடி விதைக்குள்ளேயே கிடப்பது.

போன மாசியில் அஞ்செட்டியில் பெரியம்மா விதைப்பானையை முறத்தில் கவிழ்த்தார். சாம்பல் புரட்டிய மொச்சை. வெள்ளை, செம்பழுப்பு, கருப்பு, புள்ளி போட்டது, எதை எடுத்தாலும் ஓரத்தில் அந்த வெள்ளைக் கண். “பிரிச்சு விதைக்க மாட்டீங்களா பெரியம்மா?” என்றேன். “எதுக்கு? ஒன்னொன்னுக்கு ஒரு குணம். இது மழை இல்லாட்டியும் நிக்கும், இது சீக்கிரம் வெந்துடும்” என்றார். பண்பு என்று அவர் சொல்லவில்லை, அது மனிதருக்கு.

ராகிச் சாலுக்கு நடுவே ஆடியில் போடுகிற நம் பக்கத்துப் பழைய மொச்சை, பகல் குறைந்தால்தான் பூக்கும், அதற்குள் ராகி அறுப்பும் முடிந்து கொடி படர இடம் கிடைத்துவிடும். மொச்சையும் அவரையும் ஒரே இனம்தான். குறுந்தொகை 82ஆம் பாட்டிலும் தினை அறுத்தபின் வரும் மறுகாலில் அவரை பூப்பது பனிக்காலத்தில்தான். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள் அவரை ரகங்களில் பின்னால் வந்தவை பகல் நீளம் பார்க்காமல் பூக்கின்றன, அதனால் ஆண்டு முழுக்கக் காய் எடுக்கலாம். அந்தக் குணம் எங்கோ ஒரு விதையில் இருந்தால்தானே அதைக் கலந்து புது ரகத்துக்குக் கொண்டுவர முடியும்? அப்புறம், காயைத் தொட்டால் கையில் ஒட்டுகிற எண்ணெய் வாசனை இருக்கிறதே, கன்னடத்தில் சொகடு என்பார்கள், அதை முகர்ந்து பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. அதுவும் ஒரு குணம்தான். விளைச்சல் கணக்கை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இது விடுபட்டுப் போகும்.

‘குணவளம்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சேமித்து வைக்கும் விதைகளை மரபுவளம் என்கிறோம், இரண்டும் குழம்பும். உயிர்ப்பன்மை நிலைத்துவிட்ட சொல், அதன் வழியிலேயே ‘குணப்பன்மை’ என்று வைப்போம். குணம் வடசொல் என்று விலக்க வேண்டாம். 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி உழவர்கள் தங்கள் ரகத்தைப் பதியும்போது அதன் குணங்களைச் சொல்லியாக வேண்டும். கேள்வி அவர்களுக்குப் புரிகிற சொல்லில் இருக்கட்டும்.

சரி, பகல் குறைந்தால் பூக்கும் குணத்துக்குப் ‘பனிப்பூப்பு’ பொருந்துமா? அதற்குப் பாடநூலில் உள்ள ‘ஒளிக்காலத்துவம்’ வயலில் எடுபடவில்லை.