2 ஜிபி ரேம், கோர் 2 டூவோ: ஜென்டூவை அதிலேயே கம்பைல் செய்யலாமா?

பழஞ்சில்லு:
ஜென்டூ என்ற லினக்ஸில் நிரல்களை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து, அதாவது கட்டி, நிறுவுகிறோம். பழைய கணினியிலேயே அதைச் செய்யலாம், செய்ய வேண்டும் என்பது என் கட்சி. முடியாது என்பவர்கள் காட்டும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சி++ கம்பைலரான சிசி1பிளஸ் பாதியில் ‘கில்டு’ என்று நின்றுவிடுகிறது. ரேம் தீர்ந்ததும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதைக் கொன்றுவிடுகிறது, வேறொன்றுமில்லை. ஒரு ஜாபுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் கம்பைல் வேலைகளில் ஒன்றுக்கு) 2 ஜிபி ரேம் என்பது ஜென்டூ கையேட்டின் கணக்கு. கோர் இரண்டு இருக்கிறதே என்று ஜாப் எண்ணிக்கையைச் சொல்லும் மேக்ஆப்ட்ஸில் ஜே2 (இரண்டு ஜாப்) போடாதீர்கள், ஜே1 போதும். ரேம் போதாதபோது உதவ வட்டில் 4 ஜிபி ஸ்வாப் வையுங்கள். கம்பைலர் அமைப்பான சிஃப்ளாக்ஸில் ‘-ஜி’ இருந்தால் எடுத்துவிடுங்கள். அது சேர்க்கும் டீபக் (பிழை தேடும்) தகவல், துண்டுகள் ஒன்றாக லிங்க் ஆகும்போது நினைவகத்தைத் தின்றுவிடும். ஜென்டூவின் நிறுவியான போர்ட்டேஜின் தற்காலிக அடைவை டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (ரேமிலேயே கோப்புகளை வைக்கும் இடத்தில்) வைக்கும் யோசனை ரேம் தாராளமாக உள்ளவர்களுக்கு. இங்கே வேண்டாம்.

வெளிக்கட்டு:
ஓடும், சரி. எவ்வளவு நேரம் ஓடும்? ஜிசிசி கம்பைலர் தன்னைத்தானே மூன்று கட்டமாகக் கட்டிக்கொள்கிறது. அது முடிந்தால் எல்எல்விஎம், ரஸ்ட், வெப்கிட் போன்ற பெரிய நிரல் பொதிகள் வரிசையில் நிற்கும். அந்த மடிக்கணினியை நாள்கணக்கில் கொதிக்கவிடுவதில் என்ன பயன்? புதிய கணினியில் ஒரு சிஹெச்ரூட் (தனியாகப் பிரித்த ஜென்டூ அடைவு) திறந்து, எந்தச் சிப்புக்கு என்று சொல்லும் அமைப்பை மார்ச்=கோர்2 என்று வைத்து, கட்டியதைப் பொதியாகச் சேமிக்கும் பில்ட்பிகேஜி போட்டுக் கட்டுங்கள். அந்தப் பொதிகளைப் பழையதில் கெட்பின்பிகேஜி போட்டு இறக்கிக்கொள்ளுங்கள். சிஹெச்ரூட்டில் மார்ச்சுக்கு ‘நேட்டிவ்’ (கட்டும் கணினியின் சிப்புக்கு ஏற்றது) மட்டும் வேண்டாம். புதிய சிப்பின் ஏவிஎக்ஸ் கட்டளைகள் உள்ளே போய், பழையதில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று நிரல் விழும்.

பழஞ்சில்லு:
பாதிதான் சொன்னீர்கள். மார்ச்சைச் சரியாகப் போட்டுவிட்டு, சிப்பின் வசதிகளைப் பட்டியலிடும் சிபியு ஃப்ளாக்ஸில் புதிய சிப்பினதை விட்டுவைத்தால் அதே கதிதான். சிபியுஐடி2சிபியுஃப்ளாக்ஸ் என்ற கருவியைப் பழைய கணினியில் ஓட்டி, அது தரும் வரியைத்தான் சிஹெச்ரூட்டில் ஒட்ட வேண்டும். இன்னொன்று: கோர் 2 எல்லாம் ஒன்றல்ல. 45 நானோமீட்டர் பென்ரின் வகையில் எஸ்எஸ்இ4.1 என்ற கட்டளைத் தொகுதி உண்டு, 65 நானோமீட்டர் மெரோமில் கிடையாது. வெறும் கோர்2 என்றால் பென்ரின்காரருக்கு அது கிடைக்காது. அதே கணினியில் கட்டினால் ‘நேட்டிவ்’ இந்த வேறுபாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம்_ஜாப்:
ரெண்டு பேருக்கும் ஒரு திருத்தம். எல்லாத்துக்கும் ஜே1 தேவையில்லை. சி-யில் எழுதின சின்னப் பொதிகளுக்கு ஜே2 தாராளமா ஓடும். பொதிக்குப் பொதி அமைப்பை மாத்துற பேக்கேஜ்.என்வ்-இல் வெப்கிட் மாதிரி பெரிய சி++ பொதிகளுக்கு மட்டும் ஜே1 வையுங்க. கம்பைல் வேலையை வேற கணினிக்குப் பகிர்ற டிஸ்ட்சிசியை யாராவது சொல்வாங்க: அது சி, சி++ கம்பைலை மட்டும்தான் வெளியே அனுப்பும். கான்ஃபிகர் (கட்டுறதுக்கு முன்னாடி நடக்குற சோதனை), லிங்க், ரஸ்ட் மூணும் பழைய கணினியிலேயேதான் நடக்கும்.

பழைய கணினிங்கிறதால ஒரு எச்சரிக்கை. ‘இன்டர்னல் கம்பைலர் எரர்’ ஒவ்வொரு முறையும் வேற வேற கோப்புல வந்தா கம்பைலர் மேல பழி போடாதீங்க. ரேமை மெம்டெஸ்ட்ல ஒரு ராத்திரி ஓட்டுங்க, ஹீட்சிங்க் பேஸ்ட் காய்ஞ்சிருக்கான்னு பாருங்க. ஒரே கோப்புல ஒரே வரியில நின்னாத்தான் அது மென்பொருள் பிழை. போர்டு பேட்டரி செத்து தேதி பின்னால போயிருந்தா, கான்ஃபிகரே ‘கடிகாரத்தைப் பார்’னு நின்னுடும். முதல்ல தேதியைச் சரி பண்ணுங்க.

வெளிக்கட்டு:
2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே ஆயத்த பைனரி (கம்பைல் செய்து முடித்த பொதி) தருகிறதே! அடிப்படை எக்ஸ்86-64 தொகுதியை எடுத்தால் கோர் 2-இல் ஓடும். வி3 தொகுதியை எடுக்காதீர்கள், அதற்கு ஏவிஎக்ஸ்2 வேண்டும். எல்எல்விஎம், ரஸ்ட் இரண்டையும் அங்கிருந்து எடுத்தாலே பெரிய சுமை இறங்கிவிடும்.

பழஞ்சில்லு:
ரஸ்டுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொதியில் எந்த வசதிகள் வேண்டும் என்று சொல்லும் யூஸ் ஃப்ளாக் ஒன்று மாறினாலும் போர்ட்டேஜ் அந்த பைனரியை ஒதுக்கிவிட்டு சோர்ஸுக்குப் போய்விடும். பழைய கணினியில் ஃப்ளாக்குகளைக் குறைப்பதற்காகத்தானே ஜென்டூவுக்கே வருகிறோம்? அவர்களுடைய ஃப்ளாக்குகளையே வைத்துக்கொள்வதானால் ஆயத்த பைனரிகளையே தரும் டெபியன் லினக்ஸ் போதும்.