ஓட்ஸ் கஞ்சி பசைபோல் இறுகிவிடுகிறது: எந்த வகை வாங்குவது, எப்படிக் காய்ச்சுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு இரத்தத்தில் கொழுப்பு சற்றுக் கூடியிருப்பதாக மருத்துவர் சொன்னதிலிருந்து, காலை உணவுக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி வருகிறேன். குயிக் ஓட்ஸைத்தான் வாங்குகிறேன். பத்து நிமிடம் கிளறிக்கொண்டே வேகவைத்தும், ஆறியதும் அது பசைபோல் இறுகி, கரண்டியோடு கட்டியாக எழும்பி வருகிறது. கடையில் ஸ்டீல் கட், ரோல்டு, இன்ஸ்டன்ட் என்று வேறு வகைகளும் இருக்கின்றன. அவற்றிடையே சத்தில் வேறுபாடு உண்டா? காலையில் கால் மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்க முடியாத எனக்கு எது பொருந்தும்?

பதில் 1

அம்மா, நீங்கள் சொல்லும் நான்கும் ஒரே தானியம்தான். உமி நீக்கிய மணியை எந்த அளவுக்கு உடைத்து, தட்டி, வேகவைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. மணியைக் கத்தியால் இரண்டு மூன்று துண்டுகளாக நறுக்கினால் ஸ்டீல் கட். மணியை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே நசுக்கினால் ரோல்டு. நறுக்கிய துண்டுகளை இன்னும் மெல்லியதாக நசுக்கினால் குயிக். ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தியது இன்ஸ்டன்ட். இதில் பல சமயம் சர்க்கரையும் உப்பும் சேர்த்திருப்பார்கள் என்பதால், பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

குயிக் ஓட்ஸ் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். அதைப் பத்து நிமிடம் கிளறினால் செதில்கள் சிதைந்து, உள்ளிருக்கும் மாவுச்சத்தும் பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்தும் நீரில் கலந்துவிடுகின்றன. கஞ்சி இறுகுவதற்கு அதுவே காரணம். கொழுப்பைக் குறைக்க உதவுவதும் அதே பீட்டா குளுக்கான்தான் என்பதால், கஞ்சி ஓரளவு வழவழப்பாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

நார்ச்சத்தின் அளவு எல்லா வகையிலும் ஏறக்குறைய ஒன்றே. ஓட்ஸின் கரையும் நார்ச்சத்தை நாளொன்றுக்கு 3 கிராம் உட்கொள்வது, நிறைவுற்ற கொழுப்பு குறைந்த உணவுடன் சேரும்போது, இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதித்தது. அந்த 3 கிராமுக்கு 60 முதல் 75 கிராம் வரை உலர்ந்த ஓட்ஸ் தேவை. ஒரு வேளைக் கிண்ணத்தில் பெரும்பாலும் 40 கிராம்தான் இருக்கும்.

பதில் 2

காய்ச்சும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரோல்டு ஓட்ஸுக்கு மாறுங்கள். வெறும் பாத்திரத்தில் சிறு தீயில் மூன்று நிமிடம் வறுத்து, மணம் எழும்பியதும் எடுத்து வையுங்கள். ஒரு பங்கு ஓட்ஸுக்கு இரண்டு பங்கு நீரைக் கொதிக்கவைத்து அதில் போட்டால் செதில்கள் தனித்தனியாக நிற்கும். குளிர்ந்த நீரிலேயே போட்டு அடுப்பேற்றினால் கஞ்சி குழைவாக வரும். ஐந்து நிமிடத்தில் மேற்பரப்பில் குமிழிகள் மெதுவாக வெடிக்கத் தொடங்கும். சற்றுத் தளர்வாகத் தோன்றும் அந்தப் பதத்திலேயே தீயை அணைத்து, மூடி இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள், ஏனெனில் மூடியிருக்கும்போதும் அது நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இடையில் இரண்டு மூன்று முறை அடிவரை கிளறினால் போதும். ஒரு சிட்டிகை உப்பை மறக்க வேண்டாம். அது இல்லாத கஞ்சி எந்தப் பழம் சேர்த்தாலும் சப்பென்றுதான் இருக்கும்.

பதில் 3

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் ஸ்டீல் கட் வகையையே விரும்புகிறேன். அதன் கிளைசெமிக் குறியீடு, அதாவது உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக உயர்த்துகிறது என்று காட்டும் எண், சுமார் 55, இன்ஸ்டன்ட் வகைக்குச் சுமார் 75. அரை மணி நேரம் வேக வேண்டுமே என்று தயங்க வேண்டாம். இரவு படுக்குமுன் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் ஊற்றி, ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து மூடிவிட்டு, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடம் சூடாக்கினால் போதும். கடிபடும் பதம் பலருக்கு முதலில் பழகாது, எனக்கும் ஒரு வாரம் ஆனது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று ரோல்டு ஓட்ஸை வறுத்துக் காய்ச்சினேன். கரண்டியிலிருந்து கஞ்சி வழிந்து விழுந்தது. ஸ்டீல் கட் கஞ்சியை இரண்டு நாளுக்குச் சேர்த்துக் காய்ச்சி வைக்கலாமா?

பதில் 3

தாராளமாக வைக்கலாம். ஆறியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். குளிர்ந்தபின் கெட்டியாக உறைந்திருக்கும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, சிறிது பால் ஊற்றி, சிறு தீயில் கரண்டியின் பின்புறத்தால் அழுத்திக் கரைத்தால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.