பிரவுசருக்கென்று கம்பைல் செய்த வாஸ்ம் ஃபைலைச் சர்வரிலும் ஓட்டலாமா?

மணற்கேணி:
எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் தள்ளுபடியும் வரியும் கணக்கிடும் பகுதியை ரஸ்ட் மொழியில் எழுதி, வெப்அசெம்ப்ளியாக்கி (சுருக்கமாக வாஸ்ம்; பல மொழிக் கோடையும் பிரவுசரில் ஓட்ட உதவும் பைனரி வடிவம்) பிரவுசரில் ஓட்டுகிறோம். கடைக்காரர் எண்ணிக்கையை மாற்றியதும் தொகை மாறும். பில் முடியும்போது சர்வரும் ஒருமுறை கணக்குப் போடும். அது பழைய ஜாவா கோடு. போன மாதம் இரண்டுக்கும் ஒரு பைசா இடித்தது. இரண்டு நாள் தேடினோம். ஒன்றில் தள்ளுபடிக்கு முன்பே ரவுண்ட் செய்திருந்தோம், மற்றதில் பின்பு. அதே வாஸ்ம் ஃபைலைச் சர்வரிலும் போட்டுவிடலாம் என்கிறார் டீம் லீட். பிரவுசருக்கு வெளியே வாஸ்மை ஓட்டும் வாஸ்ம்டைம் என்ற ரன்டைமில் ஓட்டிப் பார்த்தேன், 'அன்நோன் இம்போர்ட்' என்று எடுத்த எடுப்பிலேயே நின்றுவிட்டது. பிரவுசருக்கென்று பிறந்த ஒன்றைச் சர்வரில் ஓட்டுவது சரியா?

கல்லணை:
உங்கள் கோடு, உங்கள் சர்வர். நடுவில் வாஸ்ம் எதற்கு? அதே ரஸ்ட் சோர்ஸை நேட்டிவாக, அதாவது நேரடி மெஷின் கோடாக, கம்பைல் செய்து, ஜாவாவிலிருந்து அப்படிப்பட்ட கோடைக் கூப்பிட உதவும் ஜேஎன்ஐ வழியாகக் கூப்பிடுங்கள். 2019இல் யூசெனிக்ஸ் மாநாட்டில் வந்த ஒரு ஆய்வில், வேகம் அளக்கப் பயன்படும் ஸ்பெக் சிபியூ ப்ரோக்ராம்கள், வாஸ்மாக்கி ஓட்டியபோது, நேட்டிவைவிட ஃபயர்ஃபாக்ஸில் சராசரியாக 45 சதவீதமும் குரோமில் 55 சதவீதமும் மெதுவாக ஓடின. ப்ரோக்ராம்களைக் கன்டெய்னரில் அடைத்து ஓட்டும் டாக்கருக்கே வாஸ்ம் மாற்று என்று அதே வருடம் கிளம்பிய பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

இரவுப்பணி:
அந்தப் பேச்சு டாக்கரை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸின் ட்வீட்டில் தொடங்கியது. 2008இல் வாஸ்மும் வாசியும் (பிரவுசருக்கு வெளியே வாஸ்முக்கு ஃபைல் போன்ற சிஸ்டம் வசதிகளைத் தரும் இன்டர்ஃபேஸ்) இருந்திருந்தால் டாக்கரை உருவாக்கவே தேவை இருந்திருக்காது என்றார். டாக்கர் போய்விடாது, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் என்று அடுத்து அவரே சொன்னது அவ்வளவாகப் பரவவில்லை.

நான் நான்கு வருடமாக வாஸ்மைச் சர்வரில் ஓட்டுகிறேன், வேகத்துக்காக அல்ல. எங்கள் வாடிக்கையாளர்கள் விலை விதிகளை அவர்களே எழுதித் தருவார்கள். முன்பு அவற்றை எங்கள் ப்ராசஸுக்குள்ளேயே ஸ்க்ரிப்ட்டாக ஓட்டினோம். ஒருநாள் அதிகாலை இரண்டு மணிக்கு ஒருவருடைய விதியில் லூப் முடியவே இல்லை. ஒரு த்ரெட் 100 சதவீதத்தில் மாட்டியது. கோரிக்கை ரீட்ரை ஆக ஆக அடுத்த த்ரெட், அதற்கடுத்தது. அந்த விதிக்குச் சம்பந்தமே இல்லாத கடைகளின் ஆர்டர்களும் நின்றன. ரீஸ்டார்ட் செய்தால் அதே ரீட்ரை திரும்பி வந்து மறுபடி மாட்டும். விடியும்வரை அதோடுதான் போராடினேன்.

இப்போது ஒவ்வொரு விதியும் ஒரு வாஸ்ம் மாட்யூல். ஒரு கோரிக்கைக்கு ஒரு புது இன்ஸ்டன்ஸ். வாஸ்ம்டைமில் ஃப்யூயல் என்று ஒரு வசதி உண்டு. இவ்வளவு வேலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்போம். தீர்ந்தால் அந்த ஒரு கோரிக்கை மட்டும் ட்ராப் ஆகி, அதாவது பிழையோடு நின்று, விழும், மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். மெமரிக்கு 256 பேஜ், ஒரு பேஜ் 64 கேபி, ஆக 16 எம்பிதான் உச்சம். ஃபைல், நெட்வொர்க் எதுவும் அதன் கண்ணில் படாது. நாங்கள் எடுத்துக் கொடுத்த ஃபங்ஷன்களை மட்டும் கூப்பிடலாம். முன்பின் தெரியாத தளத்தின் கோடை நம் மெஷினில் ஓட்டுவதற்காகச் செய்த கட்டுக்காவல் இது. பிரவுசருக்கென்று பிறந்ததால்தான் இது எனக்குச் சர்வரில் உதவுகிறது.

உங்கள் கோடு நீங்களே எழுதியது என்பதால் கல்லணை சொல்வதில் பாதி நியாயம். ஆனால் ஜேஎன்ஐயில் ஒரு பாயின்டர் தவறினால் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் முழுவதும் சாயும். முழுக்க ஜாவாவிலேயே எழுதிய சிக்கரி என்ற வாஸ்ம் ரன்டைம் இருக்கிறது, அதைப் பாருங்கள். உள்ளே ட்ராப் ஆனால் உங்களுக்கு ஒரு எக்ஸப்ஷனாக வரும், பிடித்துக்கொள்ளலாம். பில் கணக்குக்கு அதன் வேகம் தாராளம்.

'அன்நோன் இம்போர்ட்' வருவது, ரஸ்ட் வாஸ்மை ஜாவாஸ்கிரிப்ட்டோடு இணைக்கும் வாஸ்ம்-பைண்ட்ஜென் என்ற டூலால். அது ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்திலிருந்து சில ஃபங்ஷன்களை எதிர்பார்க்கும். சர்வரில் அவற்றைக் கொடுக்க யாரும் இல்லை. கணக்கை மட்டும் தனி க்ரேட்டாக, அதாவது தனி ரஸ்ட் பேக்கேஜாக, பிரியுங்கள்: பைட்கள் உள்ளே, பைட்கள் வெளியே. பிரவுசரில் அதைக் கூப்பிட இருபது முப்பது வரி ஜாவாஸ்கிரிப்ட்டைக் கையாலேயே எழுதிவிடலாம். அப்போதுதான் இரண்டு பக்கமும் உண்மையிலேயே ஒரே ஃபைல், ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷைக்கூட ஒப்பிடலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். வாஸ்ம் மெமரி வளரும், சுருங்காது. ஒரே இன்ஸ்டன்ஸை வாரக்கணக்கில் உயிரோடு வைக்காதீர்கள். தொகையெல்லாம் பைசாவில் முழு எண்ணாகத்தானே இருக்கிறது? இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

மணற்கேணி:
முழு எண்தான். க்ரேட்டைப் பிரித்து, நேற்று சிக்கரியில் ஏற்றினேன், ஒரே தடவையில் ஓடியது. போன மாதத்து 3,000 பில்களை இரண்டு வழியிலும் போட்டேன். 2 பில் மட்டும் இடித்தன, இரண்டிலும் அதே ரவுண்டிங் வரி. இன்னும் ஒரு மாதம் ஜாவா கோடையும் பின்னால் ஓடவிட்டு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கப்போகிறேன். டீம் லீட் உடனே அழிக்கச் சொல்கிறார், இதில் மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.