பாரந்தூக்கியின் கைக்கும் சுமைக்கும் ஒரே சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

பாரந்தூக்கியின் (கிரேனின்) நீண்ட கையோ அது தூக்கும் சுமையோ பக்கத்து மனைக்கு மேலே போவதைக் குறிக்க ஒரு கலைச்சொல் கேட்டுத் தொடங்கிய இழையை முழுக்கப் படித்தேன். தூக்கல் வேலைக்கான அனுமதிப் படிவங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் எனக்கு இது அகராதிக்கான சொல் மட்டும் இல்லை, அடுத்த படிவத்தில் அச்சாக வேண்டிய சொல். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘வான்வெளி அத்துமீறல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சட்டத்தின் பொருளும் அதுதானே?

இதை நான் ஏற்க மாட்டேன், ஐயா. ஒரு காலத்தில் நானும் இதே சொல்லைத்தான் போட்டேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஒரு வேலையிடத்தில் வீட்டு வரிசைக்குப் பின்னால் இரும்புக் குழாய்க் கட்டுகளை இறக்க வேண்டியிருந்தது. பாரந்தூக்கி வண்டி நிற்க முன்தெருவில்தான் இடம். கட்டு ஒரு வீட்டுக் கூரைக்கு மேலே போய்த்தான் பின்பக்கம் இறங்கியாக வேண்டும். படிவத்தில் ‘வான்வெளி அத்துமீறல் உண்டா?’ என்று ஒரு கேள்வி. மேற்பார்வையாளர் ‘இல்லை’ என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் பொய் சொல்லவில்லை. முந்தின நாளே வீட்டுக்காரரிடம் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார். சம்மதம் வாங்கிய பிறகு அத்துமீறல் எங்கிருந்து வரும்? ‘ஆம்’ என்று போட்டிருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். வேறு பாதை உண்டா, வீட்டில் இருப்பவர்களை வெளியே வரச் சொல்லியாயிற்றா என்றெல்லாம் அந்தப் பக்கம் கேட்கும். ‘இல்லை’ என்று போட்டதால் அதை யாரும் புரட்டவில்லை.

நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். கட்டு எழும்பி, கூரை விளிம்பைத் தாண்டும்போது காற்றில் மெல்லத் திரும்பியது. குழாய்களுக்கு இடையில் செருகியிருந்த மரக்கட்டை ஒன்று நழுவி, ஓட்டைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். கட்டிலில் படுத்திருந்த பெரியவரின் கால்மாட்டில் அது கிடந்தது. போர்வை முழுக்க ஓட்டுத்தூள். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, கூரை ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் 2 நொடியில் தரைக்கு வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். சத்தம் போட்டு ஆளை எழுப்பி வெளியே கூட்டி வர அந்த 2 நொடி எதற்கும் காணாது. எச்சரிக்கை முன்கூட்டியே, படிவத்திலேயே நடந்திருக்க வேண்டும். அந்தப் படிவத்துக்குச் சொல் தேர்ந்தவன் நான்.

‘அத்துமீறல்’ என்பது குற்றத்தின் பெயர். செயலுக்கு அது பெயராக முடியாது. எழுத்தில் அனுமதி வாங்கி, அதற்குப் பணமும் கொடுத்துப் பக்கத்து மனைக்கு மேலே பாரந்தூக்கியின் கையை ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் செய்வது அத்துமீறல் இல்லை. ஆனால் செயல் அதே செயல், ஆபத்தும் அதே ஆபத்து. குற்றம் உண்டா என்று கேட்டால் எவரும் இல்லை என்றுதான் சொல்வார். என்ன நடக்கப்போகிறது என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார். படிவத்துக்கு வேண்டியது இரண்டாவது வகைச் சொல்.

சட்டத்திலும் இது நேர்கோட்டில் வரவில்லை. நிலம் யாருடையதோ அவருக்கே விண்வரைக்கும் பாதாளம்வரைக்கும் சொந்தம் என்று ஒரு பழைய லத்தீன் வாசகம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தில் வழக்குகள் நடந்திருக்கின்றன. 1957இல் பக்கத்துக் கடைக்கு மேலே சில அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு விளம்பரப் பலகையே அத்துமீறல் என்று தீர்ப்பானது. அடுத்து வந்தது பாரந்தூக்கி வழக்கு. கூரைக்கு 50 அடி மேலே அதன் கை போய்வந்தது. நீதிமன்றம் தடையாணை கொடுத்துவிட்டு, வேலை முடியும்வரை அதை நிறுத்தியும் வைத்தது. 1977இல் உயரப் பறந்த விமானம் அத்துமீறவில்லை என்று முடிவானது. நிலத்தைச் சாதாரணமாக அனுபவிக்கத் தேவையான உயரம்வரைதான் உரிமை என்பது அதன் காரணம். ஆனால் 1987இல் கோபுரப் பாரந்தூக்கிகளின் கை மறுபடி அத்துமீறல் ஆயிற்று, இந்த முறை தடையாணையை நிறுத்தி வைக்கவில்லை. இந்த வழக்குகளில் எதிலும் ஒன்றும் கீழே விழவில்லை. அத்துமீறலுக்குச் சேதம் தேவையில்லை, மேலே போனாலே போதும். பெரியவரின் கட்டிலருகே விழுந்த கட்டை வேறு சங்கதி. அது கவனக்குறைவு. மேலே போக ஒருவர் சம்மதித்தார் என்றால், தன் தலையில் விழவும் சம்மதித்தார் என்று ஆகாது.

இங்கேதான் நான் இரண்டு சொல் கேட்கிறேன். வெறும் கை மேலே போவதும் சுமையோடு போவதும் ஒன்றில்லை. சுமை கூரைக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. பாதையை மாற்றலாம், வண்டி நிற்கும் இடத்தை மாற்றலாம், ஆளை வெளியேற்றலாம். கை அப்படி இல்லை. வேலை முடிந்து இயக்குநர் இறங்கும்போது கோபுரப் பாரந்தூக்கியின் கை சுழலாமல் பிடிக்கும் சுழல் தடையை விடுவித்துவிட்டுத்தான் போவார். கை காற்றோடு தானாகத் திரும்ப வேண்டும். கட்டி வைத்தால் புயலில் கோபுரமே சாயக்கூடும். ஆகவே ‘இரவில் கையை உங்கள் வீட்டுப் பக்கம் விட மாட்டோம்’ என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். அதைக் காப்பாற்றப் போய்த்தான் விபத்து வரும்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> ‘மேற்கடத்தல்’ எளிமையாக இருக்கிறதே?

கடத்தல் என்றதும் இன்று ஆள்கடத்தலும் தங்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. அதை மீட்டெடுப்பது இந்தப் படிவத்தின் வேலை இல்லை. ‘மேற்போக்கு’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். ‘மேற்போக்காகப் பார்த்தான்’ என்று நாள்தோறும் சொல்கிறோம். பாதுகாப்புப் படிவத்தில் அந்தச் சாயல் வேண்டாம்.

> ‘கொடுங்கை’ என்ற பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் கொடுத்தால் என்ன?

இதைப் படித்தபோது மகிழ்ந்தேன், அம்மா. சுவரைத் தாண்டி வளைந்து நீளும் கூரை விளிம்புக்குக் கை என்றே பெயர் வைத்தவர்கள் நம் சிற்பிகள். ஆங்கிலத்தில் பாரந்தூக்கியின் கை மேலே போவதற்கு ஆளும் ‘ஓவர்செயில்’ (oversail) என்ற சொல்லும்கூடச் சுவரைத் தாண்டி நீளும் செங்கல் வரிசைக்கு வைத்த சொல்தான், பாய்மரக் கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் கொடுங்கை அசையாதது. அப்புறம், ‘கொடும்’ என்று தொடங்குவதால் கட்டட இடத்தில் படிப்பவர் கொடுமை என்று எடுத்துக்கொள்வார்.

கைக்கு ‘மேல்வீச்சு’ என்று முன்மொழிகிறேன். கை வீசி நடக்கிறோம், வாள் வீச்சு என்கிறோம், ஒன்று எட்டும் தூரத்துக்கும் வீச்சு என்கிறோம். சுழலும் கைக்கு இந்த மூன்று பொருளும் பொருந்துகின்றன. அனுமதியோடு நடந்தால் ‘அனுமதித்த மேல்வீச்சு’, இல்லாமல் நடந்தால் ‘அத்துமீறிய மேல்வீச்சு’. செயலுக்குச் சொல் கிடைத்துவிட்டால் குற்றத்தைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம்.

சுமைக்கு ‘கூரைதாண்டல்’. கூரையைத் தாண்டல் என்று விரிகிற இரண்டாம் வேற்றுமைத் தொகை, அதனால் நடுவில் ஒற்று வேண்டாம். வேலையாட்களிடம் சொல்லிப் பார்த்தேன். விளக்கம் கேட்காமலே, ‘ஆமா, சுமை வீட்டு மேல போறது’ என்றார்கள். சாலைதாண்டல், மின்கம்பிதாண்டல் என்று இதிலிருந்தே கிளைக்கவும் முடிகிறது. தாண்டல் என்றால் குதித்துப் போவது போல இருக்கிறது என்று ஒரு மறுப்பு வந்தது. கடல் தாண்டியவர்கள் எல்லோரும் குதித்தா போனார்கள்?

மூன்றாவதாக ஒரு சொல்லும் தேவைப்படுகிறது. 2015 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஆல்ஃபென் நகரில் பாலத்தின் ஒரு பகுதியை இரண்டு பாரந்தூக்கிகள் ஆற்று மிதவைகளில் நின்று தூக்கின. இரண்டும் சுமையோடு சாய்ந்து கரையோர வீடுகள், கடைகள் மேல் விழுந்தன. மனித உயிர்ச்சேதம் இல்லாமல் போனது பெரும் பேறு. மிதவைகளின் நிலைத்தன்மை போதிய அளவு கணிக்கப்படவில்லை, சுற்றியிருந்தவர்களின் பாதுகாப்பு திட்டத்தில் உரிய இடம் பெறவில்லை என்று அந்நாட்டின் பாதுகாப்பு வாரியம் பின்னர் சொன்னது. விழுந்தது சுமை மட்டும் இல்லை, தூக்கியவையும் சேர்ந்து விழுந்தன. சுமை எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. பாரந்தூக்கியே கவிழ்ந்தால் எதுவரை எட்டும் என்பதற்கு ‘கவிழெல்லை’ என்று வைக்கலாமா? கவிழ்வதற்குப் பெரிய தவறும் தேவையில்லை. 2 டன் சுமையை 20 மீட்டரில் பிடித்திருந்த வண்டி அதையே 25 மீட்டருக்கு நீட்டினால் கவிழ்விசை கால்பங்கு கூடிவிடுகிறது. சுமை ஒரு கிலோகூடக் கூடியிருக்காது. வண்டியைத் தரையில் ஊன்றி நிறுத்தும் தாங்குகாலுக்கு அடியில் பழைய தொட்டி ஒன்று புதைந்திருந்தால் அப்படி நீட்டக்கூட வேண்டாம்.

அடுத்தது ‘பொறுப்பு’. கூரை உடைந்த அன்று மூன்று பேர் இந்த ஒரே சொல்லைச் சொன்னார்கள். வண்டிக்காரர், ‘நான் வாடகைக்கு விட்டேன், பொறுப்பு எடுத்தவருடையது’ என்றார். எடுத்தவர், ‘ஓட்டியது உங்கள் ஆள், பொறுப்பு உங்களுடையது’ என்றார். மேற்பார்வையாளர், ‘பொறுப்பாகத்தான் வேலை பார்த்தேன்’ என்றார். ஓடு மாற்றக் காசு வரப் பல வாரம் ஆயிற்று. அதுவரை அந்தப் பெரியவர் ஓட்டைக்குக் கீழே ஒரு வாளியை வைத்திருந்தார். இழப்பை ஈடு செய்வதற்கு ‘ஈடுசெய் கடப்பாடு’ என்றும், வேலையைத் திட்டமிட்டு நடத்துவதற்கு ‘பொறுப்பு’ என்றும் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

அதே போல, வண்டியையும் ஆளையும் வாங்கித் தானே திட்டமிடுவதற்கு ‘வாடகைத் தூக்கல்’ என்றும், திட்டம் முதல் இறக்குவது வரை மொத்தமாக ஒப்படைப்பதற்கு ‘குத்தகைத் தூக்கல்’ என்றும் சொல்லலாம். நாட்கூலிக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். வாடகையில் திட்டம் எடுத்தவருடையது, குத்தகையில் அது வண்டிக்காரருடையது. ஆனால் தாளில் எழுதியதே முடிவு என்றும் இல்லை. 1946இல் லிவர்பூல் துறைமுக வழக்கொன்றில், பாரந்தூக்கி இயக்குநர் வாடகைக்கு எடுத்தவரின் ஆள் என்றே ஒப்பந்தம் சொன்னது. அந்த இயக்குநரோ, நான் யாருடைய உத்தரவுக்கும் கட்டுப்படுவதில்லை என்று சாட்சி சொன்னார். கருவியை எப்படி இயக்குவது என்று சொல்லும் அதிகாரம் அதை வாடகைக்கு விட்ட துறைமுக வாரியத்திடமே இருந்தது, எனவே கடப்பாடும் அதற்கே என்று, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை தீர்த்தது.

படிவத்தின் அந்தப் பகுதியை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்:

‘மேல்வீச்சு உண்டா? யாருடைய மனைக்கு மேல்? எழுத்தில் அனுமதி உண்டா? கூரைதாண்டல் உண்டா? வேறு பாதை ஏன் முடியவில்லை? சுமை தாண்டும் நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை என்று பார்த்தவர் யார்? கவிழெல்லைக்குள் எத்தனை வீடுகள்? வாடகைத் தூக்கலா, குத்தகைத் தூக்கலா?’

சுழல் தடையை விடுவித்துக் கையைக் காற்றின் போக்கில் விடுவதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. ‘காற்றோடு விடல்’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன், அதற்குள் நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.